முதுகைக் காட்டும் வீரன்

சமயநல்லூர் ஃப்ளெக்ஸ் கடையில் மின்விசிறியைவிட வேகமாக ஆடுகிறது கார்த்திகேஷின் கால். காதுகுத்து பேனரிலேயே பழகிய கை அவனுக்கு. பேனரில் சொந்தக்காரர் அத்தனை பேரும் ஒரே அளவில், நேரே பார்த்துச் சிரிக்க வேண்டும். ஒரு மாமன் முகம் சிறுத்தாலும் பந்தியில் சண்டைதான். அந்தக் கை வெளிநாட்டு காமிக்ஸுக்கு சூப்பர்ஹீரோ வரைந்தால்? வீரன், வில்லன், அடிபட்டு விழும் போலீஸ்காரர் உட்பட எல்லோரும் வாசகரைப் பார்த்துச் சிரித்தார்கள். காமிக்ஸின் எடிட்டரம்மா அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். இன்று மதியத்துக்குள் அனுப்பும் பக்கம்தான் கடைசி வாய்ப்பு.

திரையில் இப்போது வீரன் முதுகைக் காட்டி நிற்கிறான். எதிரே நகரம் எரிகிறது. ஜன்னல் வெயிலும் அந்த நகரத்தின்மேலேயே விழுகிறது. வீரனின் முகத்தைக் கொஞ்சமாவது திருப்பிவிடலாமா என்று பேனா தோளருகே போய்ப் போய்த் திரும்புகிறது. பேனருக்கு வந்த தங்கப்பாண்டி, யாரும் கூப்பிடாமலே எட்டிப் பார்க்கிறார். "என்னண்ணே, ஆளு யாருன்னே தெரியல? காசு குடுத்து வாங்குறவன் முதுகையா பாப்பான்?" "அவரு ஊரப் பாக்குறாருண்ணே," என்கிறான் கார்த்திகேஷ். "ஊருதான் எரிஞ்சுபோச்சே! இனி அதுல பாக்க என்ன இருக்கு?"

ஆடிய கால் நிற்கிறது. கார்த்திகேஷ் வீரனின் தோள்களைச் சற்றுத் தொங்கவிடுகிறான். இறுக்கிய முஷ்டியைத் தளர்த்துகிறான். தங்கப்பாண்டியின் வாய் ஓய்கிறது. அதுவே அந்தத் தெருவுக்கு அதிசயம். "அடப்பாவி," என்கிறார் மெதுவாக, "அழுகுறானாண்ணே?"

முகத்தைத் தொடாமலே கார்த்திகேஷ் பக்கத்தை அனுப்புகிறான்.