ஒட்டாத திரைகள்

“இது வீடாம்மா, இல்ல சந்தையா? ஒண்ணோட ஒண்ணு ஒட்டவே—”

“ஒட்டக் கூடாதுடி! ஒட்டாததாத் தேடித் தேடித்தான் வாங்கினேன்.”

ஆறு மாதம் கழித்து வந்திருந்த மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். சமையலறை வாசலில் மெக்ஸிகோ மணித்திரை. படுக்கையறைக் கதவில் மொராக்கோ கம்பளி. குளியலறைக் கதவில் கையால் முடைந்த கோரைத் தட்டி.

“இவ்வளவு சொரசொரப்பா யாராவது மாட்டுவாங்களா? கழட்டு. மூணுக்கும் ஒரே மாதிரி பட்டுத்திரை வாங்கித் தரேன்.”

“தொட்டே, பிச்சுடுவேன்!”

“தனியா இருந்து இருந்து உனக்குப் பிடிவாதம் ஏறிப்போச்சு.”

அம்மா கண்களை இறுக மூடிக்கொண்டு நடந்தாள். விரல்கள் மணிகளில் பட்டன. “சமையலறை.” கம்பளியைத் தடவினாள். “படுக்கை.” கோரையை உரசினாள். “குளியலறை.” எதிலும் முட்டிக்கொள்ளவில்லை.

மகளின் குரல் இறங்கியது. “என்னம்மா இது?”

“வருஷக் கடைசிக்குள்ள ரெண்டு கண்ணும் போயிடுமாம், டாக்டர் சொல்லிட்டார். அதுக்குள்ள கை பழகிக்கணும் இல்லையா?”

மகள் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். அம்மா கண்களைத் திறந்து அவளையே பார்த்தாள்.

“வீட்டுக்கு வழி பண்ணிட்டேன்டி. உன் முகத்துக்கு என்ன பண்றது, சொல்லு?”