பொருத்தனைக்குப் போன விமானம்

“வாழைக்குலைய ஏத்திட்டுப் போறதுக்கா அண்ணாச்சி?” என்று யாரோ கேட்க, கோயிலில் அறுப்பின் பண்டிகைக் காணிக்கைகளின் ஏலத்துக்கு வந்திருந்த கூட்டம் முழுக்கச் சிரித்தது. ஆண்டுதோறும் கொட்டாரத்திலிருந்து வந்து குலைகளை மட்டும் எடுத்துப் போகும் வியாபாரி இசக்கி, இந்த வருஷம் ஒரு குட்டி விமானத்தை ஏலம் கேட்டுக்கொண்டிருந்தார்.

இசக்கி சிரிப்பைக் கண்டுகொள்ளவில்லை. அவர் பார்வையெல்லாம் பின்னால் வேப்பமரத்தடியில் நின்ற யேசுதாசனின் கைக்குட்டை மேலேயே இருந்தது. அது நெற்றிக்குப் போனால் ஆயிரம் ஏற்ற வேண்டும் என்று இருவருக்குள்ளும் பேச்சு.

மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற யேசுதாசன், இரண்டு வருஷம் இழைத்து இழைத்துச் செய்த விமானம் அது. அறுப்பு முடிந்த வயலில் அதைப் பறக்கவிட்டு, அண்ணாந்து பார்த்தபடியே பின்னால் நடந்து, வாய்க்காலில் விழுந்து கையை ஒடித்துக்கொண்டார். “கை நேரானா அந்தச் சனியனைக் கோயிலுக்குக் குடுத்துருவேன் ஆண்டவரே” என்று மனைவி குளோரி பொருத்தனை செய்துவிட்டாள். கையும் நேராகித் தொலைத்தது.

ஆண்டவருக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்க முடியாது. ஏலத்தில் எடுத்தால் யாரும் குற்றம் சொல்ல முடியாது. குளோரிக்குத் தெரியாமல் எடுத்து, இசக்கியின் கடை மச்சில் வைத்துக்கொண்டால் போதும்.

“பத்தாயிரம்” என்றான் லிபின், காதில் போனை வைத்தபடி. வளைகுடாவில் இருப்பவர்கள் உள்ளூர்ப் பையன்களை நிறுத்திப் போனிலேயே ஏலம் கேட்பது இப்போதெல்லாம் வழக்கம்தான்.

“யாருக்காக்கும் மக்கா கேக்குத?” என்றார் ஏலம் கூறிய சபைச் செயலர்.

“பேரு சொல்லப்பிடாதுன்னு சொல்லியிருக்காவ.”

யேசுதாசனுக்குப் பளிச்சென்று பிடிபட்டது. செல்வதாஸ். கூட வேலை பார்த்த அந்த மனிதர் இப்போது ஷார்ஜாவில் மகள் வீட்டில் இருந்தார். முப்பது வருஷமாகச் சாயங்காலம் தவறாமல் ஷட்டில் கோர்ட்டில் யேசுதாசனைத் தோற்கடித்து, தோளில் தட்டி, “நாளைக்குப் பாப்போம் ஓய்” என்று எரிகிற தீயில் எண்ணெயும் ஊற்றியவர். விமானமும் அந்த ஆள் கைக்குப் போனால் அப்புறம் ஊரில் தலை காட்ட முடியாது.

கைக்குட்டை நெற்றிக்குப் போய்ப் போய் வந்தது. ஒருமுறை நிஜமாகவே வேர்த்ததைத் துடைத்ததற்கும், இசக்கி தான் கேட்டதன் மேல் தானே ஆயிரம் ஏற்றினார்.

கையிருப்பு போதாதோ என்று பயம் பிடித்துக்கொள்ளவே, யேசுதாசன் பணம் கேட்க மஸ்கட்டில் இருக்கும் மகன் சுஜினை அழைத்தார். வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தான். மறுபடி அழைத்தார், அப்போதும் அப்படியே. வேலை நேரத்தில் பயலுக்கு என்ன ஓயாத பேச்சு என்று எரிச்சலாக வந்தது.

“முப்பதாயிரம்” என்றான் லிபின்.

கூட்டத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. “ஒரு பொம்மைக்குப் போயி இப்பிடி அடிச்சுக்கிடுதானுவளே” என்று முன் வரிசையில் குளோரி சொன்னது பின்னால் வரை கேட்டது.

யேசுதாசன் கண்ணை மூடிக்கொண்டு நெற்றியை அழுத்தித் துடைத்தார். இந்த மாசப் பென்ஷன் போயிற்று. லிபின் போனில் ஏதோ கேட்டான், பிறகு உதட்டைப் பிதுக்கினான். மூன்று தரம் கூறி முடித்ததும், வாழைக்குலைகளுக்கு நடுவே விமானம் இசக்கியின் டெம்போவில் ஏறியது.

முப்பது வருஷத்தில் முதல் ஜெயம். யேசுதாசனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஷார்ஜாவில் செல்வதாஸின் முகம் போகும் போக்கை நினைத்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. சுஜின்.

“அப்பா, கோவப்படாதீங்க. உங்க பிளேனை எப்பிடியும் எடுத்துத் தந்திரணும்னுதான் லிபினை நிறுத்தினேன், முடியல்ல. இசக்கியைப் பின்னால நின்னு ஏத்திவிட்ட கூறுகெட்டவன் ஆருப்பா?”