றோஸி அன்ரியின் மைக்ரோவேவ்

லைட் மங்கியது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து உடனே சத்தம் வந்தது.

"மெல்ரோய்! உனக்கென்ன பைத்தியமா? வீட்டைக் கொளுத்திப் போட்டுத்தான் விடுவியா?"

றோஸி அன்ரிதான். கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரே வீட்டை நடுச்சுவர் எழுப்பி இரண்டாக்கிய இடம் அது. இந்தப் பக்கம் மெல்ரோயும் மனைவி நதீஷாவும். அந்தப் பக்கம் றோஸி அன்ரி தனியாக. கரண்ட் லைன் மட்டும் ஒன்றுதான். இங்கே மெல்ரோய் தான் செய்துபார்க்கும் வெல்டிங் மெஷினைப் போட்டால் அங்கே அன்ரியின் டிவி செத்துப் பிழைக்கும்.

"சொறி அன்ரி!" என்று கத்திவிட்டு மெல்ரோய் சுவிட்சை நிறுத்தினான்.

நதீஷா வாயால் சண்டை போடுகிற ரகம் இல்லை. ஆனால் மனசுக்குள் போடும் சண்டையில் அவளை வெல்ல ஆளில்லை. கிழவிக்கு டிவிதான் பெரிசு, என்று பொருமினாள். எங்கட வாழ்க்கை போற போக்குத் தெரிஞ்சா இப்பிடிக் கத்துமா?

வாழ்க்கை உண்மையிலேயே அந்த மெஷினை நம்பித்தான் கிடந்தது. மெல்ரோய் நல்ல வெல்டர். சொந்தமாக ஒரு வெல்டிங் மெஷின் இருந்தால் கேட், கிரில் என்று இங்கேயே உழைக்கலாம். இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை ஏஜென்சியில் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டுக் கட்டாருக்குப் போக வேண்டும். நதீஷாவுக்கோ ஏழாம் மாசம்.

புது மெஷின் வாங்க வழியில்லை. அதனால்தான் யாரோ எறிந்த மைக்ரோவேவ் ஒன்றைப் பிரித்து, உள்ளே இருந்த ட்ரான்ஸ்ஃபோமரின் மெல்லிய சுற்றை அறுத்தெடுத்து, அந்த இடத்தில் தடித்த வயரைச் சுற்றித் தானே ஒன்று செய்துகொண்டிருந்தான். ஆனால் வெல்டிங் கம்பி இரும்பில் ஒட்டிக்கொண்டு உர்ரென்று முனகியதே தவிர, நெருப்பு நிற்கவில்லை.

"ஒண்டு காணாது, நதீஷா. இதே சைஸ்ல இன்னொண்டு வேணும். ரெண்டையும் சேர்த்தா அடிக்கும்."

"பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடையில பார்த்தீங்களா?"

"எல்லாக் கடையும் ஏறி இறங்கிட்டன். சின்னதுதான் கிடக்கு."

"அப்ப வெள்ளிக்கிழமை?"

அவன் ஒட்டிக்கிடந்த கம்பியை முறுக்கிப் பிடுங்கினான். நதீஷா வயிற்றைத் தடவிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் றோஸி அன்ரி மூச்சு வாங்க ஒரு மைக்ரோவேவைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் தொப்பென்று வைத்தார்.

"இது செத்துப்போச்சு. எங்கயாவது எறி."

"வெச்சிட்டுப் போங்க அன்ரி. பார்த்துச் செஞ்சு தாறன்."

"செஞ்சு தரச் சொல்லி நான் கேட்டனா? இது திருப்பி என்ட வாசலுக்கு வந்திச்செண்டா, ரோட்டில போட்டு உடைப்பன்!"

விறுவிறென்று போய்விட்டார்.

"பார்த்தீங்களா? குப்பை லொறிக்காரன் எடுக்காததெல்லாம் எங்கட தலையில," என்றாள் நதீஷா.

மெல்ரோய் அதைக் காதில் வாங்கவில்லை. பிளக்கைக் குத்தினான். லைட் வரவில்லை. மூடியைக் கழற்றினான்.

"கொச்சிக்கடை அந்தோனியாரே! அதே சைஸ்!"

ஆள் அவசரக்காரன். என்ன பழுது என்று பார்க்கக்கூடப் பொறுமை இல்லை. பகல் சாப்பாட்டுக்கு முன்பே உள்சுற்றை அறுத்துத் தள்ளிவிட்டான்.

பின்னேரம் சுவிட்சைப் போட்டான். கம்பி நுனியில் நீல நெருப்பு பொரிந்தது, நின்றது. நதீஷா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டு இரும்புத் துண்டையும் ஒட்டி, ஆறியதும் சுத்தியலால் ஓங்கி அடித்தான். அசையவில்லை. லைட் எத்தனை தடவை மங்கியும் அந்தப் பக்கத்தில் ஒரு சத்தமும் இல்லை.

மெல்ரோய் ஏஜென்சிக்குப் போன் எடுத்தான். "நான் வரல்ல. வேற ஆளைப் பாருங்க."

நதீஷா சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

அன்ரியின் மைக்ரோவேவில் மிஞ்சியது வெறும் பெட்டியும் வயரும்தான். பிளக்காவது ஃபேனுக்கு உதவட்டும் என்று அதைத் திறந்த மெல்ரோய் அப்படியே நின்றான்.

"நதீஷா, பிளக்குக்குள்ள இருக்க வேண்டிய ஃபியூஸ் இல்ல."

"எரிஞ்சிருக்கும்."

"எரிஞ்சாலும் உள்ளதானே கிடக்கும்? இது ஆரோ கழற்றி எடுத்திருக்கு." அவன் குரல் இறங்கிவிட்டது. "ஐயோ, நல்ல சாமான் ஒண்டையா நான் அறுத்தனான்?"

நதீஷா அடுத்த பக்கத்துக்குப் போனாள். றோஸி அன்ரி குசினியில் நேற்றைய மீன் குழம்பை அடுப்பில் வைத்துச் சூடாக்கிக்கொண்டிருந்தார்.

"அன்ரி, மைக்ரோவேவ் நல்லாத்தானே இருந்திச்சு?"

அன்ரி திரும்பவில்லை.

"நல்லா இருக்கெண்டு சொன்னா உன்ட மனுசன் அதில கை வைப்பானா? இந்தச் சுவருக்கு நீங்க கதைக்கிறதெல்லாம் கேக்கும், புள்ள."

நதீஷா அடுப்பருகே போய் நின்றாள். மனசுக்குள் திட்டியதற்கெல்லாம் யாரிடம் மன்னிப்புக் கேட்பது?

"ஹெந்தளையில இருக்கிற உங்கட மகள் கிறிஸ்மஸுக்கு வாங்கித் தந்ததெல்லோ? அவட்ட என்ன சொல்லப் போறீங்க?"

"உள்ளதைச் சொல்லுவன். அவளுக்கு விளங்கும்."

றோஸி அன்ரி அடுப்பைத் தணித்துவிட்டு நதீஷாவின் வயிற்றைப் பார்த்தார்.

"அவட அப்பா கப்பல்ல வேலைக்குப் போனவர். அவள் பிறந்த பிறகு அவர் முதல்முதலா வீட்டுக்கு வந்த அண்டைக்கு, அவள் ஓடிப்போய்க் கதிரையை இழுத்துப் போட்டு, 'இருங்க அங்கிள்' எண்டாள்."