கோரிமேட்டிலிருந்து ஒன்பது நிமிடம்

"கோரிமேட்டுல கெளம்பனேன் மாப்ள, காந்தி சிலைக்கு வந்துட்டேன். அஞ்சு கிலோமீட்டருக்கு மேல, ஒம்போதே நிமிஷம்! ரெண்டு பஸ்ஸும் ஒரு ஆம்புலன்ஸும் ஒதுங்கி வழி விட்டுச்சு. சிக்னல்ல செவப்புத் தொப்பி போலீஸ்காரரு என் வேகத்தப் பாத்து விசிலையே முழுங்கிட்டாரு!"

கடற்கரைச் சாலையில் வியர்வை சொட்டச் சொட்ட நின்றார் வேம்பு. மூடிப்போன பஞ்சாலையில் தறி ஓட்டியவர், வயது எழுபத்தொன்று. மில் சங்கு ஊத ஆரம்பிக்கும்போது வீட்டை விட்டுக் கிளம்பி, ஊதி முடிப்பதற்குள் தறி முன்னால் நின்றவர் என்பது அவரே பரப்பிய வரலாறு.

மருமகன் எழிலரசன், மாமனார் எதைச் சொன்னாலும் எட்டால் வகுத்துத்தான் நம்புவான்.

"கதை விடாதீங்க மாமா. மேடம் முன்னாடி மானத்த வாங்காதீங்க."

மேடம் என்றது நிர்மலாதேவியை. சென்னையில் முதியோர் இல்லங்கள் நடத்துகிறவர். அங்குள்ளவர்களுக்கு நடையை அளக்கும் கைக்கடிகாரம் வாங்குவதற்காக வந்து, அப்போதுதான் காரை விட்டு இறங்கியிருந்தார். எழிலரசன் தயாரித்த கடிகாரம், நடந்து காட்டுவதற்காக மாமனார் கையில் இருந்தது. இந்த ஆர்டர் தவறினால், சாரம் பகுதியில் ஒரு மாடியறையில் நடக்கும் அவன் கம்பெனிக்குப் பூட்டுதான்.

"போன தடவ வாங்கின வாட்ச்செல்லாம் மத்தியானமே செத்துப்போச்சு. இது எத்தன நாள் தாங்கும்?" என்றார் நிர்மலாதேவி.

"ஒரு மாசம் மேடம்! ஸ்கிரீன் அணைஞ்சதும், உள்ள இருக்கற சிப்போட துடிப்பு எட்டுல ஒண்ணா கொறையற மாதிரி வச்சிருக்கேன். தூங்கிக்கிட்டே வேல செய்யும்."

"எங்க மில் மேஸ்திரி மாதிரி" என்றார் வேம்பு.

நிர்மலாதேவி அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். பேட்டரி நூறு. பரம திருப்தி. அடுத்த வரியில், நடந்த நேரம்: ஒன்பது நிமிடம்.

"ஆட்டோல வந்தீங்களா ஐயா?"

"ஆட்டோவா! எட்டாயிரத்துச் சொச்சம் அடி எண்ணி வச்சிருக்கு, நல்லா பாரும்மா. என் காலு பொய் சொல்லாது!"

எட்டாயிரமும் இருந்தது, சொச்சமும் இருந்தது.

எழிலரசன் மனசுக்குள் கணக்குப் போட்டான். மாமாவைக் கோரிமேட்டில் இறக்கிவிட்டவனே அவன்தான். அதன்பிறகு இங்கே வந்து டீ மேல் டீயாகக் குடித்துக் காத்திருந்ததில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போயிருந்தது. அடியை எண்ணுவது தனிச் சென்சார், அது சரி. நொடியை எண்ணுவதோ, அவன் எட்டில் ஒன்றாகக் குறைத்த அதே துடிப்பு. அதைத் தனியாகப் பிரித்துவிட மறந்திருந்தான். இந்த முறை எட்டால் வகுத்தது கடிகாரம்.

நிர்மலாதேவி கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, நேரா கேக்கறேன். ஒண்ணு, ஒங்க வாட்ச் பொய் சொல்லுது. இல்லேன்னா, இவரு நெஜமாவே ஒம்போது நிமிஷத்துல நடந்து வந்திருக்காரு. எது?"

வேம்பு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிமிர்ந்தார்.

"சொல்லுங்க மாப்ள. பொண்ணு குடுத்த நாள்லேர்ந்து ஒரு தடவகூட என்ன நம்புனதில்ல நீங்க."

எழிலரசன் கடலைப் பார்த்தான். கடிகாரத்தைப் பார்த்தான்.

"நடந்துதான் வந்தாரு மேடம். பின்னாலயே பைக்ல வந்தேன், மாமாவப் புடிக்க முடியல."