இன்னொரு வண்டிக்கு இடம்

"ஒண்டிக்கட்டை. இருக்கிறது ஒரே ஒரு ஓட்டை வண்டி. அதுக்கு எதுக்கு ரெண்டு கார் நிக்கிற அளவுக்கு இடம்?"

ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்துக்கொண்டே கிஸ்லேன் பொருமினாள்.

பக்கத்து வீட்டு ரோசேர் பனி வாரும் மெஷினோடு வாசலில் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தார். கனடாவின் இந்தச் சிக்கூத்திமி ஊரில் பனி கொட்டினால் கொஞ்சநஞ்சமாகவா கொட்டுகிறது? அவரவர் கார் நிற்கிற அளவுக்கு வழித்துவிட்டு, அப்பாடா என்று உள்ளே போய்விடுவார்கள். இந்த மனுஷன் மட்டும் புல்தரை ஓரம் வரைக்கும் வழித்துக்கொண்டே போவார்.

அதிலும் அவர் வேலை செய்கிற அழகைப் பார்க்க வேண்டும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, அந்தப் பக்கமாகவே பனியை வீசவிடுவார். மெஷினின் வாயில் பனி அடைத்துக்கொண்டால் எஞ்சினை நிறுத்துவார். உள்ளே சுற்றுவது முழுசாக அடங்குகிற வரைக்கும் கைகட்டி நிற்பார். அப்புறம் ஒரு கட்டையால் நோண்டுவார். கையைக் கிட்டவே கொண்டுபோக மாட்டார். கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி அத்தனை நிதானம். அதற்குள் கிஸ்லேன் ஒரு வேளை சமையலையே முடித்துவிடுவாள்.

சரி, அது அவர் பாடு. ஆனால் வழித்த இடத்தில் வேறு யாரையும் வண்டி நிறுத்த விடமாட்டார் என்பதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. போன வருஷம் வாய்விட்டே கேட்டுப் பார்த்தாள். "அந்த இடம் எனக்கு வேணுமே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

இந்த வயசில் யாரையோ புதுசாகக் கூட்டிவரப் போகிறார் என்று தெருவில் சொல்லிச் சிரித்தாள். இப்படிக் கஞ்சத்தனம் பண்ணினால் பெத்த பிள்ளை எப்படி வீடு தங்குவான் என்றும் சொன்னாள். ரோசேரின் ஒரே மகன் பஸ்தியேன் கோபித்துக்கொண்டு போய் வருஷக்கணக்காகிறது.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு கிஸ்லேனின் மகள் ஒதில் வந்தாள். குளிர்காலத்தில் ராத்திரி தெருவில் கார் நிற்கக் கூடாது. பனி வழிக்கிற லாரி வருவதற்குள் நகராட்சிக்காரர்கள் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். கிஸ்லேன் வாசலிலோ அவள் வண்டிக்கே இடம் இடிக்கிறது. மீதியெல்லாம் இடுப்பளவு பனி. வெளியே இருட்டத் தொடங்கிவிட்டது.

"அங்க காலியாத்தானே கிடக்கு. கொண்டுபோய் நிறுத்தும்மா. அந்த ஆள் வந்து கத்தினா நான் பாத்துக்கறேன்."

ஒதில் நிறுத்தி விளக்கை அணைப்பதற்குள் ரோசேர் வீட்டுக் கதவு படாரென்று திறந்தது. கோட்டு கூடப் போடாமல், வீட்டுச் செருப்போடு பனியில் ஓடிவந்தார். கிஸ்லேன் இடுப்பில் கைவைத்துச் சண்டைக்குத் தயாரானாள்.

"பஸ்தியேன், வந்துட்டியாப்பா?"

கார்க் கதவு திறந்தது. இறங்கிய ஒதிலைப் பார்த்ததும் அவர் முகம் அப்படியே விழுந்துவிட்டது. கிஸ்லேன் இடுப்பிலிருந்து கையை எடுத்தாள்.

ரோசேர் கார் மேல் கையை ஊன்றிக்கொண்டார்.

"அடைச்ச பனியை எடுடா, சீக்கிரம் எடுடான்னு அன்னிக்கு நாந்தான் அவனை விரட்டினேன். மெஷினை நிறுத்தாம கையை விட்டுட்டான். ரெண்டு விரல் போச்சு. அந்தக் கோபத்துல போனவன்தான்." மூச்சு வாங்கிக்கொண்டார். "பண்டிகைக்கு ஒருவேளை வருவான். வந்து, நிறுத்த இடம் இல்லேன்னு அப்படியே திரும்பிப் போயிடக் கூடாது பாரு."

"ஒதில், வண்டியை எடு" என்றாள் கிஸ்லேன்.

"வேண்டாம்மா. பொண்ணு உன்னைப் பாக்க இவ்வளவு தூரம் வந்திருக்கு. நிக்கட்டும்."

ரோசேர் உள்ளே போனார். கோட்டையும் பூட்ஸையும் மாட்டிக்கொண்டு வந்து மெஷினைக் கிளப்பினார். காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து அதன் மூக்கைத் திருப்பிவைத்தார்.

ஒதிலின் காருக்கு அந்தப் பக்கம், புல்தரை மேல் குவிந்து கிடந்த பனியில், இன்னொரு வண்டிக்கு இடம் வழிக்கத் தொடங்கினார்.