முட்டுக் கொடுத்த கம்பு

தார் கனத்துச் சாயப்போன ஒரு வாழைக்குச் சவுக்குக் கம்பு ஒன்று முட்டுக் கொடுத்து நின்றது. அந்த வரிசையில் முதலில் குலை தள்ளிய வாழை அதுதான். பதினொரு சீப்பு. காற்றடித்தால் அதற்கு உயிர் போய் உயிர் வரும்.

"முடியலைண்ணே, விழுந்துடுறேன்."

"விழுந்தா அத்தனையும் பிஞ்சிலேயே போயிடும். என்மேல சாஞ்சுக்கோ, தங்கச்சி. இன்னும் கொஞ்ச நாள்தான்."

"அப்புறம்?"

"பாரம் இறங்கிடும்," என்றது கம்பு. ஏற்கெனவே ஆறு வாழைகளைத் தாங்கிய கம்பு அது.

ஆடிக் காற்று முழுவதையும் இரண்டும் தாங்கின. தார் முற்றியது. தோட்டக்காரர் வந்து, "இந்த வருஷம் இப்படி ஒரு தார் பார்க்கலை" என்று வாழையைத் தட்டிக் கொடுத்துவிட்டு, தாரை வெட்டி இறக்கினார்.

"அண்ணே, ஜெயிச்சுட்டோம்!" என்று வாழை நிமிர்ந்தது. அடுத்த வெட்டு அடிமரத்தில் விழுந்தது. தார் இறக்கிய வாழையை யாரும் நிற்க விடுவதில்லை.

கம்பைப் பிடுங்கி, தோப்பின் மறுகோடியில் இன்னொரு வாழைக்கு ஊன்றினார்கள். தாரைப் பற்றிய சேதி மட்டும் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

"அந்த அக்காவுக்குத் தெம்பு சொன்னது நீங்கதானாமே! எனக்கும் சொல்லுங்கண்ணே."

கம்பு வேறு வார்த்தை தேடிப் பார்த்தது.

"இன்னும் கொஞ்ச நாள்தான், தங்கச்சி," என்றது.