சின்னம்மையின் கத்தரி

செத்துப்போன அம்மா சின்னம்மையின் தேயிலைக் கத்தரியைத் தன்னிடம் கேட்காமலே கணவன் யாரோ ஒரு ஆர்ட்டிஸ்டுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டான் என்று தெரிந்ததும், சரிதா எஸ்டேட் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் ஊட்டிக்கு பஸ் ஏறினாள்.

கண்காட்சிக் கூடத்தில் வீட்டுச் சாமான்களெல்லாம் கயிற்றில் தொங்கின. ஒவ்வொன்றின் சத்தத்தையும் வைத்து இசை அமைத்திருந்தார்கள். கத்தரிக்குக் கீழே இருந்த ஸ்பீக்கரில் ‘சடக் சடக்’ என்று வெட்டும் சத்தம் தாளமாக ஓடியது. வெட்டுகிற கொழுந்து விழுவதற்காகக் கத்தரியோடு சேர்ந்திருக்கும் தகரப்பெட்டி நிறையப் பச்சைக் கொழுந்து.

“இது எங்கம்மா கத்தரி. கொழுந்து யாருங்க போட்டது?”

“நீங்கதான் ஆள் வெச்சுப் போடுறீங்கன்னு நெனச்சேங்க்கா,” என்றான் ஆர்ட்டிஸ்ட் ஜாபேஸ். “தினமும் அள்ளிக் கொட்டுறேன். மியூசிக் போட்டா மறுபடி ரொம்பிருது. பாக்க வர்றவங்களுக்கு ரொம்பப் புடிச்சிருக்கு.”

சரிதாவுக்குக் கோபம் தலைக்கேறியது. வெட்டிக்கொண்டிருக்கும்போதே தேயிலைச் செடிமேல் விழுந்து செத்தவள் அம்மா.

“காய்ச்சல்ல கெடந்தப்பகூட எஸ்டேட்ல லீவு குடுக்காம வேலை வாங்குனாங்க. செத்த பொறவு நீ வேற கூப்பிட்டு வெட்ட வெக்கிறியா?”

ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கி எறிந்தாள். வெட்டும் சத்தம் நின்றது.

“அக்கா, ஷோ இன்னும் முடியலைங்க.”

“எங்கம்மாவுக்கு முடிஞ்சிருச்சு.”

கத்தரியைக் கொக்கியிலிருந்து கழற்றினாள். கை வலிக்காமலிருக்க அம்மா கைப்பிடியில் சுற்றிவைத்த பழைய சேலைத்துணி வியர்வையில் ஊறி, இன்னும் சூடாக இருந்தது.